பெட்ரூம் சுவரில் ஓதம், பீரோவுக்குப் பின்னால் பூசணம்: பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிடலாமா?

லாஸ்பேட்டை_வாசி | டிசம்பர் 17, இரவு 9:12

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சொந்த வீடு. 2006-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. பெட்ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நாலரை அங்குலச் சுவர். இந்த மழைக்காலத்தில் அந்தச் சுவரின் பெட்ரூம் பக்கம் பெயின்ட் கொப்புளித்து உதிர ஆரம்பித்துவிட்டது. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஈரம். பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூசணம், உள்ளே பட்டுப்புடவை மடிப்புகளில்கூட வெள்ளைப் புள்ளிகள். அறைக்குள் நுழைந்தாலே ஈரச்சாக்கு வாடை.

பெயின்டர் வந்து பார்த்தார். சுரண்டிவிட்டு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை, மேலே புட்டி, எமல்ஷன், பொங்கலுக்கு முன்னாடியே முடித்துத் தருகிறேன் என்கிறார். தை கடைசியில் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அந்த அறைதான் அவளுக்கு. அடித்துவிடலாமா?

மேஸ்திரி_மகன் | டிசம்பர் 17, இரவு 9:50

அடிக்காதீர்கள் சார். நான் கடலூர் முதுநகர். அப்பா கொத்தனார், நான் டைல்ஸ் வேலை. ஒவ்வொரு மார்கழியிலும் இதே கேள்விதான் வரும்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை, மார்கழியில் பனி, போகிக்குள் வெள்ளையடிப்பு. வருஷத்திலேயே சுவர் அதிகமாக நனைந்திருக்கும் நேரத்தில்தான் நாம் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அது பரவாயில்லை, சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும். இப்போது புட்டி, பிரைமர், மேலே பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷன். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பெயின்டையே தள்ளிக்கொண்டு வரும். ஆடி மாதம் வரைக்கும் நன்றாக இருக்கும், அடுத்த மழைக்கு முன்னாடியே திரும்பவும் கொப்புளம்.

பெயின்டரைக் குறை சொல்லவில்லை. அவரை அழைத்தால் அவர் பெயின்ட்தான் சொல்வார்.

ஓய்வு_இன்ஜினியர் | டிசம்பர் 18, காலை 6:35

மேஸ்திரி மகன் சொன்னது சரி. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அதற்குச் சுவரைப் பார்ப்பதைவிடக் காலண்டரைப் பாருங்கள். ஈரம் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது?

மழை பெய்து ஓரிரு நாளில் கூடி, வெயில் அடித்தால் குறைந்தால் அது மாடியிலிருந்தோ வெளிச்சுவர் விரிசலிலிருந்தோ வருகிறது. மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் குறையவே இல்லையென்றால் சுவருக்குள் ஓடும் சப்ளை பைப்பைச் சந்தேகப்பட வேண்டும், அதில் இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பும்போது காய்ந்திருந்தால் கழிவுநீர்ப் பக்கம், அதாவது நஹானி ட்ராப் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் இடம்), தரை டைல் இடுக்கு, கம்மோடு அடி. அங்கே நாம் குளித்தால்தான் கசிவு. வருஷம் முழுக்க எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்துக்கு ஈரம் நின்று, அதற்கு மேலே உப்புக்கோடு இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுகிற ஓதம். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் ஈரம் ஒரே ஒரு சுவரில், அதுவும் பாத்ரூம் சுவரில். 2006 என்றால் உள்ளே ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், இருக்கலாம். போர் தண்ணீரா, நகராட்சித் தண்ணீரா? அந்தச் சுவரில் சுவிட்ச் போர்டு உண்டா?

லாஸ்பேட்டை_வாசி | டிசம்பர் 18, மதியம் 1:20

இரண்டு தண்ணீரும் கலந்துதான் டேங்கில் ஏறுகிறது. ஜிஐ பைப்தான். பீரோவுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. போன மாதம் அடிக்கடி டிரிப் ஆனது, அயர்ன் பாக்ஸ் கோளாறு என்று நினைத்தோம்.

இன்னொரு சந்தேகம். பீரோவுக்குப் பின்னால் கறுப்பு. ஆனால் கீழே தரையை ஒட்டி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. அதுவும் பூசணமா?

ஓய்வு_இன்ஜினியர் | டிசம்பர் 18, மதியம் 2:05

முதல் வேலை, அந்த பிளக் லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிரிப் ஆனது அயர்ன் பாக்ஸால் இல்லாமலும் இருக்கலாம். மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. இல்லையென்றால் இந்தச் சாக்கில் ஒன்று மாட்டிவிடுங்கள். ஈரச்சுவரில் கை வைத்து ஷாக் வாங்குகிற கதை எங்கள் பக்கத்தில் புதிதில்லை.

வெள்ளைக்கு ஒரு சுலபமான வழி. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கரைந்து காணாமல் போனால் உப்பு, இருந்தபடியே நசுங்கினால் பூசணம். தரை ஓரத்தில் இருப்பது அநேகமாக உப்பு. தண்ணீர் சுவர் வழியாக வெளியே வந்து காயும்போது சிமென்ட்டிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பை இழுத்து வந்து போட்டுவிட்டுப் போகும். கடற்கரை ஊரில், உவர் போர் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் இது இன்னும் அதிகம்.

பைப்பா இல்லையா என்று பார்க்க: இரவு எல்லோரும் படுத்த பிறகு டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஆஃப், நகராட்சித் தண்ணீர் ஏறுகிற வால்வும் அடைத்திருக்க வேண்டும். காலையில் ஒரு குழாயும் திறப்பதற்கு முன்னால் பாருங்கள். இறங்கியிருந்தால் மறுநாள் இரவு பாத்ரூமுக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அப்போது இறங்கவில்லையென்றால் கசிவு அந்த லைனில்தான். அப்புறம், ஃபிளஷ் டேங்கில் சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் விடுங்கள். கம்மோடுக்குள் நீலம் இறங்கினால் ஃபிளஷ் டேங்க் வாஷர் போயிருக்கிறது. அதுவும் டேங்க் மட்டத்தை இறக்கும், அதைப் பார்த்துப் பயந்து சுவரை உடைக்கக் கூடாது.

நெல்லித்தோப்பு_குமார் | டிசம்பர் 18, இரவு 8:44

டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் சுவரை உடை என்று சொல்லிவிடாதீர்கள். என் வீட்டில் உள்பக்கம் கெமிக்கல் கோட்டிங்தான் அடித்தேன். மூன்று மழைக்காலம் தாங்கியிருக்கிறது. டைல் இடுக்குகளில் பழைய ஒயிட் சிமென்ட்டை எடுத்துவிட்டு எபாக்சி கிரௌட் போட்டேன், அவ்வளவுதான்.

மேஸ்திரி_மகன் | டிசம்பர் 18, இரவு 9:15

குமார் அண்ணா, உங்கள் வீட்டை நிற்க வைத்தது எபாக்சி கிரௌட், கோட்டிங் இல்லை. குளிக்கிற தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கியதை அடைத்துவிட்டீர்கள். சார் வீட்டில் பைப்பே கசிந்தால் டைல் மேல் தங்கத்தைப் பூசினாலும் தண்ணீர் பின்னால்தான் போகும். தண்ணீர் வருகிற பக்கத்தில் அடைக்க வேண்டும், வெளியே தெரிகிற பக்கத்தில் அடைத்தால் அது வேறு இடம் தேடும். எங்கள் தெருவில் ஒருவர் ஹால் சுவரை அடைத்தார், ஈரம் வாசல்படி நிலையில் போய்க் கரையான் வைத்தது.

நர்ஸ்_அக்கா | டிசம்பர் 19, காலை 7:10

பைப் பற்றி எனக்குத் தெரியாது. பூசணத்தை எப்படித் துடைக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட் கலந்து சுவரில் ஊற்றுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதில் குளோரின் வாயு வரும், ஜன்னல் சாத்திய பாத்ரூமில் மூச்சே நின்றுவிடலாம். அம்மோனியா உள்ள கிளீனரோடும் சேர்க்கக் கூடாது. துவாரமுள்ள சுவரில் பிளீச் மேலாகத்தான் வெளுக்கும், உள்ளே இருக்கும் வேர் அப்படியே இருக்கும். செத்த பூசணத்துக்கும் அலர்ஜி வரும் என்பதால் வெளுத்துவிட்டால் போதும் என்று விடவும் முடியாது. அதை அங்கிருந்து எடுக்க வேண்டும்.

காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், ஃபேனையும் போடாதீர்கள், வித்து வீடு முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, துணியை உடனே பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே செய்யலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால் பூச்சோடு கொத்தி எடுப்பதுதான் நல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர், கீமோ எடுப்பவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர் யாரும் இதில் கை வைக்க வேண்டாம். கர்ப்பிணிப் பெண்ணும் பிறந்த குழந்தையும் அந்தச் சுவர் காயும் வரை வேறு அறையில் இருக்கட்டும், சார். பொங்கலுக்குள் பளபளவென்று இருப்பதைவிட அது முக்கியம்.

இன்னொன்று, 2021-ல் கோவிட் சமயத்தில் பயமுறுத்திய கருப்புப் பூஞ்சை வேறு, சுவரில் இருப்பது வேறு. என்னிடம் போன் பண்ணிக் கேட்கிறவர்கள் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

திண்ணைவீடு | டிசம்பர் 19, மாலை 4:30

இங்கே எல்லோரும் சிமென்ட் வீட்டையே பேசுகிறீர்கள். எங்களுடையது புதுச்சேரி தமிழர் பகுதியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் பதித்த தளம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கெட்டித்திருக்கிறார்கள்.

முன்பு குடியிருந்தவர்கள் ஒழுகுகிறது என்று அதன் மேல் சிமென்ட் கலவை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுண்ணாம்பு வெயிலில் கொஞ்சம் விரியும், மழையில் கொஞ்சம் சுருங்கும், சிமென்ட் அதோடு ஒத்துப்போகாமல் நூல்நூலாக வெடித்தது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே வர முடியாமல் உத்திரத்தின் முனைகளில், சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் தங்கிவிட்டது. அங்கேதான் மரம் முதலில் மக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது ஒரு உத்திரம் இறங்கிவிட்டது.

அதனால் பழைய வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், சிமென்ட் பூச்சும் வேண்டாம், பூசணத்தைத் துடைக்க வினிகரும் வேண்டாம். புளிப்பு எதுவானாலும் சுண்ணாம்பை அரித்துவிடும். சுண்ணாம்பு வெள்ளையடிப்பே பூசணத்துக்குப் பகை, அதன் காரத்தில் எளிதில் வளராது. பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் பாண்டிச்சேரி கிளை பழைய வீடுகளைப் புதுப்பித்த வேலைகளை ஒருமுறை பார்த்துவிட்டு ஆளைத் தேடுங்கள். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

மஞ்சை_வாடகை | டிசம்பர் 20, காலை 10:02

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மேல் வீட்டு பாத்ரூம் எங்கள் கிச்சன் கூரையில் சொட்டுகிறது. காங்கிரீட் ஒரு இடத்தில் உதிர்ந்து கம்பி தெரிகிறது. ஓனர் "மழை முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். செலவு யார் தலையில்?

ஓய்வு_இன்ஜினியர் | டிசம்பர் 20, காலை 10:40

தமிழ்நாட்டில் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், வாஷ்பேசின் பழுது, வடிகால் அடைப்பு எடுப்பது மாதிரிச் சில்லறை வேலைகள் குடித்தனக்காரருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். இது கடலூருக்கு. ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரி என்றால் வேறு அரசு, வேறு சட்டம், இதைக் காட்டி அங்கே சண்டை போட முடியாது.

சட்டத்தை விடுங்கள், கம்பி தெரிகிறது என்றீர்களே, அதற்கு மழை முடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், அதுதான் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. அடியில் நின்று சமைக்காதீர்கள். போட்டோ எடுத்து தேதியோடு ஓனருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

குண்டுஉப்பலவாடி | டிசம்பர் 20, இரவு 7:18

எங்கள் வீட்டுக் கதை வேறு. 2024 டிசம்பர் முதல் வாரம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது வீட்டுக்குள் முட்டளவு. வெள்ளத் தண்ணீர் சாக்கடை கலந்தது, பைப் கசிவு மாதிரி நினைக்காதீர்கள். இலவம்பஞ்சு மெத்தை, பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு காய வைத்தாலும் வாடை போகாது. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் தாளே பூசணத்துக்குத் தீனி.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே? 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய பாரத் கிரிஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளத்தோடு தண்ணீர்த் தொட்டி, பைப் வெடித்து வழிவதும் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் ஊறி வந்த ஓதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். திடீரென்று நடந்தது என்று காட்ட முடிந்தால் மட்டும் அலையுங்கள்.

லாஸ்பேட்டை_வாசி | டிசம்பர் 23, இரவு 10:05

எல்லோருக்கும் நன்றி. டேங்க் மட்டம் காலையில் நாலு விரல் இறங்கியிருந்தது. நீலம் விட்டுப் பார்த்ததில் ஃபிளஷ் டேங்க் சரியாக இருக்கிறது. மறுநாள் பாத்ரூம் வால்வை மூடினோம், மட்டம் அசையவில்லை. பிளம்பர் கை பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் போட்டதில் கீசருக்குப் போகும் லைனில் பிரஷர் மீட்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு டைல் மட்டும் எடுத்தோம். எல்போவுக்குப் பக்கத்தில் மரை அரித்துப் போயிருக்கிறது, ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டைக்கு இவ்வளவு பெரிய சுவர்.

இப்போது இரண்டு கேள்வி. அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினால் போதுமா? சுவர் எப்போது காயும்?

மேஸ்திரி_மகன் | டிசம்பர் 23, இரவு 10:30

ஒரு இடத்தில் அரித்த ஜிஐ பைப் அடுத்த இடத்திலும் அரித்துக்கொண்டுதான் இருக்கும், மொத்த லைனையும் மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் சுவருக்குள்ளேயே போடாதீர்கள். வெளிச்சுவரில் சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஓட்டி, குழாய் இருக்கிற இடத்தில் மட்டும் உள்ளே நுழையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, வீட்டம்மா திட்டுவார்கள். ஆனால் அடுத்த முறை கசிந்தால் வாசலில் நின்றே தெரியும்.

பெட்ரூம் பக்கம் ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்துப் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பு ஏறிய பூச்சு காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும், கசிவு நின்றாலும் அது காயாது.

ஓய்வு_இன்ஜினியர் | டிசம்பர் 24, காலை 6:20

சுவர் காய்வதற்கு நாங்கள் சைட்டில் வைத்திருந்த கணக்கு, ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம். நாலரை அங்குலச் சுவர், ஒரு பக்கம் டைல், அதனால் பெட்ரூம் பக்கம் மட்டும்தான் மூச்சு. பூச்சை எடுத்துவிட்டால் வேகமாகக் காயும். மழை நாளில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காயாது, வெளிக்காற்றே ஈரம். அப்போது ஏசியை டிரை மோடில் ஓட்டுங்கள். வெயில் நாளில் எல்லாவற்றையும் திறந்து ஃபேன் போடுங்கள், ஆனால் பூசணத்தை எடுத்து முடித்த பிறகு.

காய்ந்ததா என்று பார்க்க, ஒரு முழம் பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் வைத்து ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளுக்குப் பின்னால் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். முன்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம், அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். பங்குனி வரைக்கும் வெறும் சுவராகவே விடலாம், யாரும் கேட்டால் பைப் வேலை நடக்கிறது என்று சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு_குமார் | டிசம்பர் 24, காலை 9:00

அதுவரைக்கும் பொங்கலுக்கு அந்தச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டிவிடுங்கள் சார் :)

திண்ணைவீடு | டிசம்பர் 24, காலை 11:45

காலண்டரும் மாட்டாதீர்கள், அதற்குப் பின்னாலேயே முதலில் பிடிக்கும். பீரோவைத் திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பட்டுப்புடவையை வெளியே கொண்டுபோய் மென்மையான துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள், உச்சி வெயிலில் சாயம் வெளுக்கும். சரிகைப் புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடலாம். பிளாஸ்டிக் உறையில் போடாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கற்பூரமும் வேப்பிலையும் பூச்சிக்குத்தான், ஈரத்தை அவை ஒன்றும் செய்யாது.

லாஸ்பேட்டை_வாசி | ஜனவரி 6, மாலை 6:50

பைப் வெளியே போட்டாகிவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டோம், அறை செங்கலாக நிற்கிறது. மகளுக்கு ஹாலை ஒட்டிய அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறோம், நாங்கள் ஹாலில். பெயின்டரிடம் பங்குனியில் வாருங்கள் என்றேன், அவர் சிரித்துக்கொண்டே அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே போட்ட பைப் மேற்கு வெயிலில் நேராக நிற்கிறது. அதற்கு ஏதாவது அடிக்க வேண்டுமா? கதவுக்கு வாங்கிய ஆயில் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மேஸ்திரி_மகன் | ஜனவரி 6, இரவு 8:10

ஆயில் பெயின்ட் வேண்டாம் சார், அதில் இருக்கும் கரைப்பான் சிபிவிசியைப் பாதிக்கும். வெயிலுக்கு மறைப்பு கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் பைப் வெளுத்து உடையும். தண்ணீரில் கலக்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன் வெளிர் நிறத்தில் இரண்டு கை அடியுங்கள். கிளாம்ப் இறுக்கமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர் ஓடும்போது பைப் நீளும்.